காயாத பச்சை

பச்சை போகவில்லை. நோரீன் கந்தலைத் தின்னரில் நனைத்து, கணவன் லைலின் ஆள்காட்டி விரல் நகத்தோரம் இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்தாள். உயிரோடு இருந்திருந்தால் இந்தத் தேய்ப்புக்கு முகத்தைச் சுளித்துக் கையை இழுத்திருப்பான். இழுக்கட்டும் என்றுதான் தேய்த்தாள்.

டிராக்டருக்கு அடிக்கிற பெயிண்ட் அது. மழைக்கும் பனிக்கும் சாணிக்கும் அசையாது என்று டப்பாவின் மேலேயே போட்டிருந்தது. சவச்சாலைக்காரர் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வேண்டுமானால் இடது கையை மேலே வைத்துவிடலாம், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்றார் பணிவாக.

"இடது கையிலயும் இருக்கு" என்றாள் நோரீன்.

அவர் முகத்துக்கு மட்டும் தாங்கள் எதுவுமே பூசவில்லை என்று சொன்னார். பூச வேண்டியதில்லைதான். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடுப் புகை ஆளைக் கொல்லும்போது கன்னத்தைச் சிவக்க வைத்துவிட்டுப் போகும் என்று ஷெரீஃப் ஆபீஸ் பையன் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அறுபது வயதில் லைல் புது மாப்பிள்ளை மாதிரி கிடந்தான். நோரீன் கந்தலைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கை அப்படியே இருக்கட்டும், மேலே கீழே எதுவும் மாற்ற வேண்டாம் என்று சொன்னாள்.

எல்லாம் அந்த டாப்பரால் வந்தது. பிக்கப் வண்டியின் பின்தொட்டி மேல் கவிழ்க்கிற கூடு; பக்கவாட்டில் ஜன்னல், பின்னால் தூக்குகிற கதவு, அவ்வளவுதான். ஆனால் நவம்பரில் மான் வேட்டைக்குக் காட்டுக் கேம்புக்குப் போகிற ஆண்களுக்கு அது இருந்தால்தான் மரியாதை. இல்லாதவன் போர்வை, தலையணை, பீர் எல்லாவற்றையும் தார்ப்பாயில் கட்டிக்கொண்டு போய், போன இடத்தில் நனைந்ததை ஒவ்வொன்றாகப் பிழிய வேண்டும். லைல் கல்யாணமான நாளிலிருந்து பிழிந்தவன். அவனுடைய அண்ணன் கோர்டிக்குப் புது வண்டி, வண்டியோடு சேர்ந்து அதே நிறத்தில் பிறந்த டாப்பர். கேம்பில் தம்பி போர்வை பிழிவதை அவன் காப்பிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்ப்பான்.

இந்த வருஷம் லைலுக்கு ஒன்று அகப்பட்டது. ஒரு பிளம்பர் தன் கொட்டகைக்குப் பின்னால் கோழி அடைத்து வைத்திருந்த டாப்பர். ஒரு கோடை முழுக்க அதற்குள் கோழிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிற விலைக்குக் கொடுத்தான். விரிசல் கிடையாது, கண்ணாடியும் உடையவில்லை. நிறம்தான் சிவப்பு. லைலின் வண்டியோ கரும்பச்சை.

வண்டி மேல் அதை வைத்துப் பார்த்த அன்றைக்கே கோர்டி வந்து சுற்றிச் சுற்றி நடந்தான். "ஏண்டா, இந்தச் சிவப்பு பச்சை அலங்காரத்த கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் கழட்டிருவியா, இல்ல ஈஸ்டர் வரைக்கும் விட்டு வைப்பியா?" என்று கேட்டான். லைல் சிரித்தான். மறுநாள் காலையிலேயே பெயிண்ட் அடிக்கிற கடையில் விசாரித்தான். அவர்கள் கேட்ட காசுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம். சரி, நானே அடிக்கிறேன் என்றான்.

அடித்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு நோரீனும் கூடச் சேர்ந்துதான் கோழி எச்சத்தைச் சுரண்டினாள். பிறகு முரட்டு உப்புத்தாளால் ஒரு தடவை, நைசுத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரு தடவை. கண்ணாடிகளுக்குச் செய்தித்தாள் ஒட்டி, சுற்றிலும் பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு, தூசி எழும்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தான். ஸ்ப்ரே மிஷினுக்குக் காசில்லை. பஞ்சு உருளையால் உருட்டி, ஈரம் காய்வதற்குள் நல்ல பிரஷ்ஷின் நுனியால் தடவினால் கோடே விழாது என்று எங்கோ கேட்டு வந்திருந்தான். பெயிண்டை இறுக வைக்கிற மருந்தையும் காசு பார்த்து வாங்கவில்லை. அது இல்லாவிட்டால் காய நாளாகும், சூடும் வேண்டும். வெளியே முதல் பனி விழுந்துகொண்டிருந்தது.

சூட்டுக்கு ஹீட்டர் கொடுத்தவன் கோர்டி. பீரங்கிக் குழாய் மாதிரி நீளமாய், மண்ணெண்ணெயில் ஓடி, ஒரு வாயால் அனலைக் கக்குகிற சாதனம். அவனே தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். அடுப்பங்கரையில் உட்கார்ந்து இரண்டு துண்டு ஏலக்காய் ரொட்டி தின்றான். மூன்றாவது துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தவள் நோரீன்தான்.

லைல் முட்டாள் இல்லை. கராஜ் கதவை முழுக்க இறக்காமல், அடியில் ஒரு பிர்ச் மரக் கட்டையைக் கொடுத்து ஒரு சாண் திறந்து வைத்திருந்தான். அன்று சாயந்தரம் வேலைக்குக் கிளம்பும்போது அவனுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு இரண்டாவது ஷிஃப்ட். கைகளில் பெயிண்ட் என்பதால் லைல் போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரி மேல் வைத்திருந்தான். மறுமுனையில் கோர்டி.

"கதவு திறந்தா கெடக்கு? காத்து சத்தம் கேக்குதே."

"ஒரு சாண் விட்ருக்கேன். புகை போகணும்ல."

"புகை போகும், தூசி உள்ள வரும். என் பழைய டாப்பர்ல ஒரு கொசு ஒட்டிக்கிட்டு, விக்கிற வரைக்கும் என்னைப் பாத்து இளிச்சுது. கட்டைய உருவுடா. ஒரு அங்குலம்கூட விடாத. அந்த ஹீட்டர வெச்சு நான் எத்தன வேலை பாத்திருக்கேன், செத்தா போயிட்டேன்?"

விஷயம் தெரிந்த அண்ணன் தம்பி பேசிக்கொள்கிறார்கள் என்று நோரீன் கிளம்பிவிட்டாள். திரும்பி வந்தபோது கட்டை சுவரோரம் கிடந்தது. லைல் மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தான். விழுகிற தூசியைப் பொறுக்கி எடுப்பதற்காக அவளுடைய புருவச் சாமணத்தைக் கையில் வைத்திருந்தான். பெயிண்டில் ஒரு தூசி இல்லை.

இதுவரைக்கும் துக்கம். கோபம், நகத்தைத் தேய்த்துவிட்டு வந்த மறுநாள், பிரேதம் பார்க்க வந்தவர்களோடு வந்தது.

எல்லாரும் லைலின் முகத்தைப் பார்த்து எவ்வளவு நன்றாக இருக்கிறான் என்றார்கள். பிடித்த வேலையைச் செய்துகொண்டே போய்விட்டான், எல்லாருக்கும் கிடைக்குமா அந்தக் கொடுப்பினை என்றார்கள். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்ன அநியாயம் இது என்று கேட்பார்களா என்று நோரீன் ஒவ்வொரு கையாகக் குலுக்கிக்கொண்டு காத்திருந்தாள். கேட்டவர் இல்லை. நாளை மறுநாள் மான் சீசன் திறக்கிறது. பாதி ஆண்களின் கோட்டுப் பையிலிருந்து ஆரஞ்சுத் தொப்பி எட்டிப் பார்த்தது. பாஸ்டரே இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றது கோர்டி. அவன் சொல்லிக்கொண்டிருந்தது அவள் நின்ற இடத்துக்கே கேட்டது.

"என் ஷெட்லேந்து ஹீட்டரக் கேக்காம எடுத்துட்டுப் போயிருக்காம்ப்பா. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன், கதவக் கொஞ்சம் திறந்து வைடான்னு. அவசரக்காரன். சின்ன வயசுலேந்தே அப்படித்தான்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நோரீனுக்குக் காது மடல் எரிந்தது. இந்த ஊரில் ஒருவன் குடிக்கலாம், பொண்டாட்டியோடு சண்டை போடலாம், சர்ச்சுக்குப் போகாமல்கூட இருக்கலாம். அடுத்தவன் சாமானைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. எடுத்தவன் பெயர் அவன் செத்த பிறகும் மூன்று தலைமுறைக்கு அப்படியே நிற்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை இரவல் வாங்கினால்கூடத் துடைத்து, கூட ஒரு பை ஆப்பிளும் கொடுத்துத் திருப்புகிறவன் லைல். அவனைத் திருடனாகவும் முட்டாளாகவும் ஆக்கிப் புதைக்கப் போகிறார்கள், அதுவும் கூடப் பிறந்தவனின் வாயால்.

மகள் ஜோலீன் க்ரீன்பேயிலிருந்து வந்திருந்தாள். நோரீன் அவளை ஓரமாக இழுத்து நடந்ததைச் சொன்னாள். ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரியப்பாவும் உடைஞ்சு போயிருக்காரும்மா. பயத்துல ஏதோ சொல்றார். இன்னைக்குப் போய் இதைக் கிளறாத" என்றாள். நியாயம்தான். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. இருக்கிறவனுக்குத்தான் மனசு கஷ்டப்படும்.

இருந்தாலும் அன்றைக்கே அடக்கம் முடிந்து, சர்ச் நிலவறையில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, கோட்டு மாட்டுகிற இடத்தில் கோர்டியைத் தனியாகப் பிடித்தாள். குரலை உயர்த்தவில்லை. நீ ஹீட்டரைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு என் வீட்டு ரொட்டியைத் தின்றாய், நீ போனில் பேசியது என் காதில் விழுந்தது, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், இங்கே இருக்கிற நாலு பேரிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றாள்.

கோர்டி அவள் தோளில் கை வைத்தான். "நோரீன். நீ தூங்கி எத்தன நாளாச்சு?"

"நல்லாத் தூங்கினேன்."

"துக்கத்துல மனசு என்னென்னமோ கேக்கும். எங்கம்மா செத்தப்போ நானும் அப்படித்தான். போய்ச் சாப்பிடு." தோளை இரண்டு தடவை தட்டிவிட்டு, சாலட் இருந்த மேசைக்குப் போனான்.

அவனுக்கு அதில் முட்டை கூடுதலாக இருந்தால் பிடிக்கும். தேடிப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டதை நோரீன் நின்று பார்த்தாள். சோற்றுக்குள் பூசணிக்காயை மறைப்பவனைக்கூட விட்டுவிடலாம். இவன் அவளையே பைத்தியமாக்கி அந்தச் சோற்றையும் தின்கிறான்.

சாயந்தரம் உறவும் அக்கம்பக்கமும் வீட்டுக்கு வந்தன. பெண்கள் தாங்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களை அடுப்பங்கரையில் கழுவினார்கள். அவற்றின் அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து இது யாருடையது, அது யாருடையது என்று பிரித்தார்கள். சற்று நேரத்தில் வீட்டில் ஆண் குரலே கேட்கவில்லை. நோரீன் ஜன்னல் வழியே பார்த்தாள். கராஜில் விளக்கு எரிந்தது. மேலே தூக்கிய கதவுக்கு உள்ளே கறுப்புக் கோட்டுகள்.

அவள் கோட்டுகூடப் போடாமல் முற்றத்தைக் கடந்து போனாள்.

டாப்பர் இரண்டு மரத் தாங்கிகளின் மேல் இருந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஆளுக்கொரு பீர். பக்கத்து வீட்டு வெய்கோ எண்பதைத் தாண்டியவர். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெயிண்டின் மேல் விளக்கு வெளிச்சம் நேர்க்கோடாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வழிசல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை என்று ஒருவன் சொன்னான். உருளையால் அடித்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள் என்றான் இன்னொருவன். நடுவில் கோர்டி. வீட்டுக்காரன் மாதிரி எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான்.

"தூசிதான் எதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "இன்னும் லேசா ஒட்டுது, தொட்டுராதீங்க. காலைல நாலு பேர் கை கொடுத்தா லைல் வண்டில ஏத்திரலாம். நான் ஓட்டிட்டுப் போறேன். சீசனுக்கு லைலும் நம்மகூட கேம்புக்கு வந்த மாதிரி இருக்கும்."

ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவன் மூக்கை உறிஞ்சினான்.

நோரீன் உள்ளே வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கதவு கடகடவென்று இறங்கித் தரையில் மோதியது. எல்லாரும் திரும்பினார்கள். அவள் மூலையில் இருந்த ஹீட்டரை இழுத்து வந்தாள். அதன் வயிற்றில் கறுப்பு மையால் கோர்டி என்று எழுதியிருந்தது. ஷெரீஃப் ஆபீஸ் பையன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டபடியே கிடந்தது அது. நோரீன் பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். இரண்டு தடவை முனகிவிட்டு அது உறுமியது.

"தூசி வருதுல்ல" என்றாள். "அதான் சாத்திட்டேன்."

கணவனை அன்றைக்குத்தான் புதைத்துவிட்டு வந்தவளிடம் யார் என்ன சொல்ல முடியும். ஒருவன் பீரைக் கீழே வைத்தான். நோரீன் கதவின் முன்னால், கைப்பிடியின் மேல் காலணியை ஊன்றி நின்றாள். தரையில் தொங்கிய பிளாஸ்டிக் தாள் அனலில் படபடத்தது. மண்ணெண்ணெய் நாற்றம் மெல்ல ஏறியது.

"நோரீன்" என்றான் கோர்டி சிரித்துக்கொண்டே. "போதும். ஜோலீனக் கூப்பிடட்டுமா?"

"ஒரு அங்குலம் விடலாமா, கோர்டி? நீதானே விவரம் தெரிஞ்சவன். சொல்லு. விடச் சொன்னா விட்டுர்றேன்."

"ஆமா, விடு. கொஞ்சம் திற."

"அன்னைக்கு ஏன் அதைச் சொல்லல?"

அவன் மற்றவர்களைப் பார்த்தான். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்கிற பார்வை. ஆனால் யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. ஹீட்டர் வயிற்றில் இருந்த பெயரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதன் சக்கரங்களைப் பார்த்தார்கள். தனி ஆளாகத் தூக்கி வண்டியில் ஏற்ற முடியாத கனம் அது. கோர்டியின் வண்டியில்தான் ஏற்றி இறக்குகிற பலகை உண்டு என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நோரீன் அதைச் சொல்லவில்லை.

கோர்டியின் மேலுதட்டில் வேர்த்தது. கழுத்து டையைத் தளர்த்தினான். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூச்சு முட்டுகிற அளவுக்கு எதுவும் இல்லை. மற்றவர்கள் சாதாரணமாகத்தான் நின்றார்கள். அவன் மட்டும் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தான். சுவரோரம் மடக்கி வைத்திருந்த நாற்காலியின் மேல் அவன் பார்வை போனது, அங்கேயே நின்றது.

"திற" என்றான்.

அவள் அசையவில்லை.

"திறன்னு சொல்றேன்." கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து கதவில் கை வைத்தான். அவள் காலை எடுக்கவில்லை. தள்ளிவிட்டிருக்கலாம். அவளைப்போல இரண்டு மடங்கு ஆள். தள்ளவில்லை. கதவுப் பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். ஹீட்டர் சத்தத்தில் முதலில் யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு" என்றாள் நோரீன். "வெய்கோவுக்குக் காது மந்தம்."

"நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்." அவன் திரும்பவே இல்லை. "அவன் கட்டை வெச்சுத் திறந்துதான் வெச்சிருந்தான். நான்தான் சாத்தச் சொன்னேன். போதுமா? நான்தான் சொன்னேன். திற, நோரீன்."

அவள் காலை எடுத்தாள்.

கோர்டி கதவை ஒரே தூக்காகத் தூக்கிவிட்டு வெளியே போனான். சரளைப் பாதை நடுவில் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். வாந்தி எடுக்கப் போகிறவன் மாதிரி இருந்தது. எடுக்கவில்லை. நோரீன் பிளக்கைப் பிடுங்கினாள். ஹீட்டர் ஓய்ந்ததும் அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. லைலின் மேலேயே கோபம் கோபமாக வந்தது. கட்டை வைக்கத் தெரிந்தவன் அதை ஏன் உருவினான்? ஐம்பது வருஷமாக அண்ணன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவன், அந்த ஒரு நாள் போடா என்று சொல்லியிருக்கக் கூடாதா?

ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பிகளை எடுத்தார்கள். யாரும் கோர்டியிடம் போகவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. கடைசியாக வெளியே போனவன் மட்டும், வாசலில் கொஞ்சம் நின்று, "லைல் கேக்காம எடுக்கிற ஆள் இல்லன்னு எனக்கு அப்பவே தோணிச்சு" என்றான். அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்க நோரீனுக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

காற்று திரும்பியிருந்தது. பனித்தூளையும் சரளை மண்ணையும் உதிர்ந்த பிர்ச் இலைத் துணுக்குகளையும் வாரிக்கொண்டு கராஜுக்குள் வந்தது. டாப்பரின் மேல் விழுந்த தூசி விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. அந்தப் பளபளப்பில் முதலில் நாலைந்து புள்ளிகள், பிறகு எண்ண முடியாத அளவு.

வெய்கோ மட்டும் உள்ளே நின்றுகொண்டிருந்தார். அந்தப் புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க அவரால் தாங்க முடியவில்லை. நல்ல பெயிண்ட் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அவர் கை தன்னால் மேலே போய்க் கதவை இறக்குகிற கயிற்றைப் பிடித்தது.

நோரீன் சுவரோரம் கிடந்த கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரைப் பார்க்கக்கூட இல்லை.

கிழவர் கயிற்றை விட்டார். தொங்கின கயிறு ஆடி நிற்கும்வரை காத்திருந்து, கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.